பேசிக்கொண்டே தேடுங்கள்

பிரபாவதி அம்மா மறுபடியும் அதே சொல்லை எழுதுகிறார். வலது கையின் ஒற்றை விரல், அழுத்திய விசையை விட்டு உடனே எழாமல் ஒரு கணம் அங்கேயே தங்கி, எழுத்து திரையில் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறது. மழைக்கோட்டு. சரிபார்க்கிறார், அவ்வளவுதான், என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கல்லூரியில் ஆயுள் முழுக்கப் பழைய நூல்களைப் பதிப்பித்தவர், ஒரு தடவை பார்த்ததை நம்பிவிடுவாரா, மெய்ப்புப் பார்க்கிறவர்களின் கண் அப்படித்தான், போன இடத்துக்கே திரும்பப் போகும். போன தடவையும் இதையேதான் நினைத்துக்கொண்டேன். சுவரில் இருக்கிற ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே வைத்த நீல வாளியில் விழுகிறது, விழுவதற்கு நடுவில் இருக்கிற இடைவெளியை என்னையறியாமல் காதால் அளந்துகொண்டிருக்கிறேன். "மழைக்கோட்டு, மழைக்கோட்டு... எந்த வருஷத்துல மொதல்ல அச்சுல வந்துச்சுன்னு பாக்கணும், அதானே கேள்வி?" என்கிறார் திரையைப் பார்த்தபடி. நான் பதில் சொல்லக் கூடாது. அவருக்குப் பின்னால் அரை அடி தள்ளி, அவர் பார்வைக்கு எட்டாத இடத்தில், அறையில் கிடக்கிற இன்னொரு நாற்காலி போல உட்கார்ந்திருக்க வேண்டும். முறை அது. ஒரு கருவி நன்றாக இருக்கிறதா என்று அதைச் செய்தவர்களைக் கேட்டால் தெரியாது, பயன்படுத்துகிறவரைக் கேட்டாலும் தெரியாது, கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று நல்லா இருக்கு என்பார். ஆகவே தேடும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடச் சொல்லி, அதை ஒலிப்பதிவு செய்து, பிறகு எழுதி, எழுதியதைக் கூறு போட்டு, எந்த இடத்தில் தயங்கினார், எந்த இடத்தில் எரிச்சல்பட்டார் என்று எண்ணாக மாற்றி, கருவிக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும். அவர் பேச்சை நிறுத்தினால் மட்டும், நினைக்கிறதைச் சொல்லுங்கம்மா, என்று ஒரே ஒரு வாக்கியம் எனக்கு அனுமதி.

இங்கிலாந்தில், லீட்ஸில், இது சுலபம். அங்கே மனிதர்கள் பேருந்து நிறுத்தத்தில் தனக்குத்தானே பேசிக்கொள்வார்கள், கடையில் தக்காளியோடு பேசுவார்கள், நாற்காலியாக இருப்பது அங்கே பெரிய வித்தை இல்லை, பத்தொன்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். இங்கே ஆள் பக்கத்தில் இருக்கும்போது தனக்குத்தானே பேசுவது மரியாதைக் குறைவு. போன வாரம் வந்த சவரிமுத்து ஐயா திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடமே பேசினார். கோவில்பட்டியில எந்தத் தெரு, அப்பா என்ன பண்ணாரு, கண்டக்டரா, எந்த கம்பெனி வண்டி, அட அந்த வண்டியில நான் வெளாத்திகுளம் போயிருக்கேனே. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் கருவியைப் பற்றி ஒரு வரி இல்லை, என் குடும்பம்தான் இருக்கிறது. இன்னொருவர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்து, அவையோர்க்கு வணக்கம் என்று ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடச் சொன்னால் எல்லாரும் நான்கு. எவ்வளவு பிடித்திருந்தாலும் நான்கு. "தமிழ்த் தாளுக்கு யாரும்மா முழு மார்க் போடுவா? இது என்ன கணக்குப் பாடமா?" என்றார் சவரிமுத்து ஐயா, கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்திய கை அது, நான்கைப் போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தது. அறக்கட்டளையோ ஐந்தை மட்டும்தான் திருப்தி என்று எண்ணும். இதை விளக்கி நான் எழுதிய குறிப்புக்கு, பண்பாட்டுக் காரணங்களைப் பின்னிணைப்பில் சேர்க்கவும் என்று பதில் வந்தது. ஆகவே கருவியின் உயிர் இப்போது வேலைகளில்தான் தொங்குகிறது. வந்தவர்கள் கொடுத்த வேலைகளை முடித்தார்களா இல்லையா. அட்டையில் மூன்று வேலை எழுதியிருக்கும், ஒன்றை முடித்ததும் முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் முடித்தார்கள், பாதிப் பேர் பேசிக்கொண்டே விட்டுவிட்டார்கள், பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி, தராசு நடுவில் நிற்கிறது, பிரபாவதி அம்மா கடைசி ஆள். அவர் முடித்தால் சொல்தடம் என்கிற இந்தக் கருவி பிழைக்கும். முடிக்காவிட்டால் பழைய பத்திரிகைகளை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துச் சொல் சொல்லாகத் தேடும்படி செய்த ரெஜினாவும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் வேறு வேலை தேட வேண்டும். ரெஜினா கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவளைப் போல நிற்கிறாள், என் கண்ணில் பட்டதும் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்கிறாள்.

"வந்துருச்சு!" என்கிறார் பிரபாவதி அம்மா. திரையில் ஒரு பழுப்புப் பக்கம், மூலையில் கட்டம் கட்டிய விளம்பரம். குனிந்து வாசிக்கிறார். "பெரியகடை வீதியில் மழைக்கோட்டு கிடைக்கும். கோடையில் வாங்குவோருக்கு விலை சகாயம்." சிரிக்கிறார். தோள் குலுங்கும் சிரிப்பு, கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு. "அடடா, பாருங்க கடைக்காரனோட சாமர்த்தியத்தை! திருச்சி வெயில்ல மழைக்கோட்டு வாங்குற புத்திசாலி எவன்?" முதல் தடவை இதைச் சொன்னபோது நாற்காலியாக இருக்க வேண்டிய நானும் சிரித்துவிட்டேன். இரண்டாம் தடவை, பதிவுக்காக மறுபடி சொல்கிறார் போலிருக்கிறது, முதல் தடவை குரல் சரியாக விழுந்திருக்காதோ என்று நினைத்தாராக்கும், என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது அதே அடடா, அதே வெயில், சாமர்த்தியம் என்ற சொல்லில் அதே அழுத்தம். என் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்கிறது, தொட்டுப் பார்த்தால் வியர்வை, இந்தக் குளிரில். கொஞ்சமும் தேய்மானம் இல்லாத சந்தோஷம் அவர் முகத்தில், இப்போதுதான் பிறந்தது போல, பயமாக இருப்பது அதுதான். மறதியை நான் வெறுமையாகத்தான் இதுவரை கற்பனை செய்திருக்கிறேன், வெள்ளைத் தாள், துடைத்த சிலேட்டு என்று. இவ்வளவு சிரிப்பாக அது இருக்கும் என்று நினைக்கவில்லை. முடிஞ்சுது என்று சொல்லுங்கம்மா. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு அட்டையைப் புரட்டுங்கள். அவர் கை அட்டையை எடுக்கிறது, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். "சரி, என்ன கேட்டிருக்காங்க... மழைக்கோட்டு என்ற சொல் இந்தத் தொகுப்பில் முதன்முதலாக... ம். மழைக்கோட்டு." ஒற்றை விரல் விசைப்பலகைக்குப் போகிறது.

அப்பாவுக்கு அது பஸ்ஸில்தான் வந்தது. டிக்கெட் கொடுத்து முடித்துப் பின்படிக்குப் போய், அங்கிருந்து திரும்பி, டிக்கெட் டிக்கெட் என்று கொடுத்தவர்களிடமே மறுபடி கேட்டுக்கொண்டு வருவார். எட்டயபுரம் போகிற ஆட்கள் தெரிந்த ஆட்கள், என்ன கண்டக்டரே, நம்மகிட்ட ரெண்டு தரம் வாங்கி வீடு கட்டப் போறியளா, என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அம்மாவையும் சிரிக்க வைப்பார், நாங்கள் எல்லாருமே நிறையச் சிரித்திருக்கிறோம், பிறகு ஒரு நாள் முதலாளி அவரை ஆபீஸில் உட்காரச் சொன்னார், பிறகு வீட்டில் உட்காரச் சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று. எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. இந்தக் கழித்தலை எத்தனை முறை செய்தாலும் விடை மாறுவதில்லை, ஆனாலும் செய்கிறேன், குளிக்கும்போது, பல் விளக்கும்போது. இரண்டு மொழி தெரிந்தவளுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே ஆங்கிலச் சொல் வராமல் நின்றால், அது எனக்குத் தாய்மொழியா என்ன, என்று விட்டுவிடலாம். இங்கே தமிழ்ச்சொல் வராமல் நின்றால், இத்தனை வருஷம் வெளியே இருந்தவள்தானே என்று கடைக்காரரே சமாதானம் சொல்லிவிடுகிறார். போன மாதம் காய்கறிக் கடையில் கொத்தமல்லியைக் கையால் சுட்டி, அது, அந்தப் பச்சை, என்றேன். பேர் வரவில்லை. இரண்டு மொழியிலும் வரவில்லை. ஒரு மொழி போனால் இன்னொன்று வந்து நிற்கும், அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது, அன்றைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கையை விரித்துவிட்டன, நான் அந்தப் பச்சை வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒப்பந்தம் முடிந்தது, வந்துவிட்டேன், என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். மறந்துபோவதானால் வழியில் யாராவது கையைப் பிடித்து, ஏ, நீ கண்டக்டர் மக இல்ல, என்று வீட்டில் கொண்டுவந்து விடுகிற ஊராக இருக்கட்டும் என்று வந்தேன். மறதி எப்போதும், அடிக்கடி, சில நேரங்களில், அரிதாக, இல்லவே இல்லை, பொருத்தமானதைத் தேர்வு செய்க. அரிதாக. அரிதாக என்றுதான் போடுவேன், யார் கேட்டாலும். மரியாதைக்கு.

"இந்தக் கட்டம் எதுக்கு, ஆண்டு வாரியா அடுக்குறதுக்கா, நல்லா பண்ணிருக்கு அந்தப் பொண்ணு," என்கிறார் பிரபாவதி அம்மா. அவருக்குக் கருவி புரிகிறது. முதன்முதலில் வந்தவர்கள் எல்லாரும் தடுமாறிய இடத்தை, ஆண்டுவாரிப் பொத்தானை, ஒரு தடவையும் தயங்காமல் அழுத்துகிறார். கருவியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் அட்டவணையில் இதற்கு இடம் கிடையாது. ஒரே சொல்லைப் பயனர் திரும்பத் திரும்பத் தேடினால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு, பயனர் கருவி தந்த விடையை நம்பவில்லை. முதல் வேலை முடியவில்லை, இரண்டும் மூன்றும் தொடங்கவில்லை, தோல்வி, காரணம் கருவி. அப்படி எழுதினால் கதவுக்கு வெளியே நிற்கிறவள் போய்விடுவாள். இல்லையென்றால் இந்த அமர்வையே கணக்கில் சேர்க்காமல் விடலாம், விதியில் அதற்கு வழி உண்டு, ஆனால் சேர்க்காததற்குக் காரணம் எழுதியாக வேண்டும். என்ன எழுத? பங்கேற்பாளரின் நினைவுத்திறன். இரண்டே சொல். பெயர் இருக்காது, பங்கேற்பாளர் என்றுதான் இருக்கும், ஆனால் வந்தவர்களிலேயே பதிப்புத் துறைத் தலைவராக இருந்தவர் ஒருவர்தான், யாரென்று கண்டுபிடிக்க யாருக்கும் கருவி தேவைப்படாது. அறிக்கை கல்லூரிக் குழுவுக்கும் போகும். ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் குழுதான் இவருக்கு ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக் கொடுக்கிறது. பாதியில் நிற்கிற அந்தப் பெரிய பதிப்பு வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று காலையில் தேநீர் குடிக்கும்போதுகூடச் சொன்னார், சொல்லிவிட்டு, "வீட்ல போய் என்ன பண்றது, எங்க வீட்டுக்காரர் டி.வி.ல கிரிக்கெட் பாப்பாரு, நான் அவரைப் பாக்கணும்," என்று கண்ணைச் சிமிட்டினார். அந்த இரண்டு சொல்லை எழுதினால் குழுவில் யாரும் கெடுதலாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாவம், ஓய்வெடுக்கட்டும் என்பார்கள். முதலாளி அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை அவர், தீபாவளிக்கு வேட்டி கொடுத்தனுப்பினார், அப்பா அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று தெருவில் போகிறவர்களிடம் டிக்கெட் கேட்டார்.

சத்தம் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை என்று தெரியவில்லை, நான்தான் எங்கேயோ போய்விட்டேன். பிரபாவதி அம்மாவின் விரல் விசைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. திரையில் பாதிச் சொல். வாளியில் ஒரு சொட்டு. இந்த இடத்தில் என் வாக்கியத்தை நான் சொல்ல வேண்டும், ஆனால் அவர் நினைப்பதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை, கேட்டால் அது பதிவாகும், பதிவானால் எழுத வேண்டும். அவரே பேசுகிறார். குரல் வேறாக இருக்கிறது, கல்லூரிக்குத் தெரியாத குரல். "வெயில் காலத்துல மழைக்கோட்டு," என்கிறார் மெல்ல. "விளம்பரம் இன்னும் வரவே இல்லை. எனக்கெப்படித் தெரியும்?" நாற்காலியோடு திரும்புகிறார். திரும்பக் கூடாது. முதல் முறையாக அவர் கண்கள் நேராக என் கண்களில், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாக, ஒரு மாணவியை அல்ல, தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கும் அந்நியரைப் பார்ப்பது போலப் பார்க்கின்றன. "ஏம்மா. நான் இதை ஏற்கெனவே பாத்துட்டேனா?"

பதில் சொல்லாமல் இருக்கலாம். முறை என் பக்கம் இருக்கிறது, தலையை அசைக்காமல், புன்னகைக்காமல், ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியாகவே இருந்துவிடலாம், அவர் திரும்பிக்கொள்வார், இன்னொரு தடவை அடடா என்பார், எல்லாம் நல்லபடியாக முடியும், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அம்மா கடைசி வரைக்கும் அப்பாவிடம் அப்படித்தான் இருந்தாள், அவர் கேட்கிற ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாள், நானும் கொடுத்தேன், அது அன்பு என்றுதான் நினைத்தோம், இப்போதும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அப்பா ஒரு நாளும் இப்படித் திரும்பி என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "பாத்துட்டீங்கம்மா," என்கிறேன். என் குரல் அறையில் கேட்பது விசித்திரமாக இருக்கிறது. "மூணு தடவை." அவர் கண் இமைக்கவில்லை. "மூணு தடவையும் சிரிச்சேனா?" "சிரிச்சீங்க." ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கிறது. அதையே பார்க்கிறார். "நீங்க பேசக் கூடாதுன்னு ஆரம்பத்துல சொன்னீங்களே," என்கிறார், பிறகு உதட்டோரம் லேசாக வளைகிறது, "அது ஞாபகம் இருக்கு பாருங்க." ஆமாம், பேசக் கூடாது. பேசிவிட்டால் அமர்வு கெட்டது. இப்போதுதான் அது உறைக்கிறது, கெட்ட அமர்வைக் கணக்கில் சேர்க்க முடியாது, காரணம் எழுத வேண்டிய இடத்தில் மதிப்பீட்டாளர் குறுக்கிட்டார் என்று எழுதலாம், அது உண்மையும்கூட. குறை கருவிக்கும் இல்லை, இவருக்கும் இல்லை, கட்டுப்பாடு இல்லாத மதிப்பீட்டாளருக்கு. அறக்கட்டளை இனிமேல் என்னைக் கூப்பிடாது. திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் திட்டம் எதுவும் இல்லை, அவர் கேட்டார், நான் சொல்லிவிட்டேன். கை நீட்டிப் பதிவை நிறுத்துகிறேன். "உங்க பேர்ல ஒண்ணும் போகாதும்மா. நான் பேசினதால கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கிறேன்." அவர் அதற்கு நன்றி சொல்லவில்லை. "அப்ப அந்தப் பொண்ணோட வேலை?" என்கிறார். "தப்பிச்சுரும்." "அது போதும்." திரையில் நிற்கிற பாதிச் சொல்லை அழித்துவிட்டு, "என் வேலையை நானே பாத்துக்கிறேன். குழுவுக்கு நான் சொல்லணும். இன்னைக்கு இல்லை. ஆனா நான்தான் சொல்லணும்."

நான் எழுந்துவிட வேண்டும். கதவைத் திறந்து ரெஜினாவைக் கூப்பிட்டு, முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. என் வாயிலிருந்து ஒரு கேள்வி வருகிறது, எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. "எப்பம்மா முதல்ல தெரிஞ்சது?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்கிறார். "போன வருஷம் முதுகலை வகுப்புல. பேர் கூப்பிட்டு முடிச்சேன். முடிச்சுட்டு மறுபடியும் முதல் பேர்லேர்ந்து கூப்பிட ஆரம்பிச்சிருக்கேன். எனக்குத் தெரியலை. பிள்ளைங்க ஒருத்தர்கூட சிரிக்கலைம்மா. ஒவ்வொருத்தரா மறுபடியும் எந்திரிச்சு, உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மான்னு சொல்லிட்டு உக்காந்தாங்க. கடைசிப் பேர் வரைக்கும். கிண்டல் பண்ணிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன், திட்டிட்டுப் பாடத்துக்குப் போயிருப்பேன். அவங்க அவ்வளவு மரியாதையா இருந்ததுலதான் தெரிஞ்சுச்சு." கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். "வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை." வாளி நிறையப் போகிறது, விளிம்புக்கு ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது, யாராவது எடுத்துக் கொட்ட வேண்டும். நான் தலையாட்டுகிறேன், ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த வேண்டிய இடம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கிறார். பழைய அச்சில் எழுத்து உடைந்த இடத்தைப் பார்க்கிறவரின் பார்வை, அவசரமில்லாமல், விட்டுவிடாமல். "நீங்க இதைக் கருவிக்காகக் கேக்கலை," என்கிறார். "உங்களுக்கு என்ன வயசு?" "நாப்பத்தெட்டு." "யாருக்கு இருந்துச்சு?" "அப்பாவுக்கு." அவர், அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்று சொல்லவில்லை, எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அதைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு லேசாகத் திறக்கிறது, ரெஜினாவின் பாதி முகம், கண்களில் கேட்கத் துணியாத கேள்வி. "மேடம், முடிஞ்சுதா?" பிரபாவதி அம்மா கையை உயர்த்தி அவளை அங்கேயே நிறுத்துகிறார், வகுப்பறைக் கை, கதவு தானாகவே பின்வாங்குகிறது. "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, போய் டீ குடிச்சுட்டு வா," என்கிறார். "மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்."